வீட்டுக்கு ஓர் ஆள்

1

செவ்வாய்க்கிழமை காலை இடைவேளையில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு கோழித் தொழிற்சாலையில் அறுப்பவன். ஐந்து வருடம். கோழிகள் சங்கிலியில் தலைகீழாகத் தொங்கி வரும். மயங்கி வரும். சில மயங்காமல் கண்ணைத் திறந்துகொண்டு வரும். நான் அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி அறுப்பேன். ஒரு கோழிக்கு ஒரு தரம். இரத்தம் மார்புவரை தெறிக்கும். அடுத்தது வரும். அடுத்த பிஸ்மி சொல்வேன். இதில் எழுத வேறொன்றுமில்லை.

முழங்கைவரை கழுவிக்கொண்டு போனேன். மேலாளரின் மேசையில் ஒரு சின்ன மைக் இருந்தது.  பக்கத்தில் மேற்பார்வையாளர், பாகிஸ்தான்காரர். எல்லோரும் அவரை ஹாஜி என்போம்.

ஹாஜிதான் விளக்கினார். புது மெஷின் வருகிறது. வட்டக் கத்தி. கழுத்தறுக்க ஆள் தேவையில்லை. பிஸ்மி மட்டும் தேவை.

"உன் குரல் நல்ல குரல், சகோதரா. ஒரு நிமிடம் பதிவு செய்தால் போதும். கத்திக்கு மேலே ஸ்பீக்கர் கட்டி நாள் முழுக்கப் போடுவோம். நீ கீழே பெட்டி அடைக்கும் பக்கம் கதிரையில் உட்கார்ந்திருக்கலாம். இது ஹலால்தான் என்று ஒரு மௌலவியிடம் கடிதமும் வாங்கியாயிற்று."

"லேபலில் கையால் அறுத்தது என்று இருக்கிறதே?" என்றேன்.

"லேபல் அப்படியே இருக்கட்டும்," என்றார் மேலாளர். "சனங்களுக்கு அது பிடித்திருக்கிறது."

லேபலில் ஒரு கை, ஒரு கத்தி, ஒரு பச்சை வட்டம். அந்தக் கை என்னுடையதல்ல. எவருடையதுமல்ல. கம்ப்யூட்டரில் வரைந்தது.

என் குரலைத் தனியே விடமாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். என் ஆங்கிலத்தில் அது குரலுக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்பதுபோல் வந்துவிட்டது. மேலாளர் சிரித்தார். "சரி, நீயும் கூடவே உட்கார்," என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். திங்கட்கிழமை பதில் வேண்டும். மாட்டேன் என்றால் ஹாஜியிடம் வேறு குரல் இருக்கிறது.

இதை எழுதுவது அதற்கடுத்த புதன்கிழமை. எனக்கு இப்போது அந்த வேலை இல்லை. நான் எழுத வந்தது வேலையைப் பற்றியல்ல. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களில் சிலர் என் குரலைக் கேட்டிருப்பீர்கள். இலங்கையில் புத்தளம் பக்கம், பாலாவி, மதுரங்குளி, கற்பிட்டி என்றால் கட்டாயம் கேட்டிருப்பீர்கள்.

2

என் மனைவி ஸரீனா. அவளுக்குக் கோபம் வந்தால் பாத்திரங்களைச் சத்தமில்லாமல் வைப்பாள். அன்று ஒரு சத்தமும் இல்லை.

"தோள் மூட்டுத் தேஞ்சு போச்சு, கத்தியை விடுங்க எண்டு டொக்டர் சொல்லி எத்தினை மாசம்? அல்லாஹ் பாத்து ஒரு குந்தியிருக்கிற வேலை தாறான். அதுக்கும் மாட்டனாம்."

"மிஷின் அறுக்கும். என்ட குரலைப் போடுவாங்க."

"போட்டா என்ன? மௌலவி கடிதம் குடுத்தாரெண்டா அது அவர்ர பாவம். பிஸ்மி சொல்லுறதுக்கு என்ன கஷ்டம் உங்களுக்கு?"

நான் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டேன்.

"எங்கட நானா பாத்துப் பாத்து ஒரு ஊமையனைக் கட்டி வச்சாரு. மைக்கைப் பிடிச்சாத்தான் வாய் திறக்கும் எண்டு சொல்லி வச்சிருக்கலாம்."

நானா என்றது அவளுடைய மூத்த அண்ணன் நியாஸ். என் மச்சான். புத்தளத்துக்குத் தெற்கே ஒரு சந்தியில் செருப்புக் கடை வைத்திருந்தார்; வீடும் கடையின் பின்பக்கம்தான். சந்தியின் பெயரை எழுதவில்லை. எங்கள் ஆட்கள் இன்னும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். போர் முடிந்து சில வருடங்களின் பின், ஒரு பின்னேரம், அந்தச் சந்தியில் வைத்து அவரை அடித்துக் கொன்றார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமையோடு எட்டு வருடம்.

வருடா வருடம் ஸரீனா யாஸீன் ஓதி, சோறாக்கி, பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பாள். எல்லாம் முடிந்து கையைத் துடைத்தபடி ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"எல்லாக் கடைக்காரனும் ஷட்டரைப் போட்டான். இவர் மட்டும் ஏன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடு ரோட்டுக்கு வந்தாரு? சண்டைக்குப் போனாரா? மூளை இல்லையா இவருக்கு?"

செத்தவர்மேல் அவளுக்குக் கோபம். எட்டு வருடமாக அது ஆறவில்லை. நியாஸின் பெயரை அன்பாகச் சொல்லத் தொடங்குவாள், பாதியில் திட்டுவாள். அவருடைய படத்தைச் சுவரில் மாட்டவிடவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டு வருடமும் நான் சோற்றுச் சட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

3

எங்கள் மகள் ஷிஃபா பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். ஊரைவிட்டு வரும்போது பதின்மூன்று வயது. தமிழ் பேசுவாள், இப்போது வாசிப்பதில்லை. விளம்பரம் எந்த இடத்தில் பிரசாரமாக மாறுகிறது என்று ஆராய்கிறாள். எங்கள் ஊர்ப் பக்கத்து ஒலிபெருக்கி அறிவித்தல் வண்டிகளைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சனிக்கிழமை கொப்பியோடு வந்து உட்கார்ந்தாள். போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கையால் எழுதினாள்.

"இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீங்க வாப்பா?"

சொன்னேன். மன்னாரிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் இயக்கக்காரர் துவக்கைக் காட்டி விரட்டியபோது எனக்குப் பத்து வயது. அந்தச் செய்தி வந்ததும் வாகனத்தில் கட்டிய ஸ்பீக்கரில்தான். சொன்னவனின் முகம் தெரியாது. குரல் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதில் கோபமே இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னான். என் வாப்பா சைக்கிளை எடுக்கப் போனார். துவக்கின் பின்பக்கத்தால் வாயில் இடித்தார்கள். முன்பற்கள் மணலில் விழுந்தன. அவர் அதைப் பொறுக்கி எடுத்து மடியில் கட்டிக்கொண்டு படகில் ஏறினார்.

ஷிஃபா எழுதுவதை நிறுத்தினாள். "இதை நீங்க சொன்னதே இல்லையே."

"நீ கேக்கல்ல."

பிறகு பாலாவி அகதி முகாம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. உப்பளத்தில் மூட்டை ஏற்றினேன். சீமெந்து லொறிகளில் உதவியாளாகப் போனேன். சாரதிகளிடம் சிங்களம் பிடித்தேன். பிடித்தது நன்றாகப் பிடித்துவிட்டது. கண்ணை மூடிக் கேட்டால் என்னை முஸ்லிம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். எழுத்து மட்டும் வரவில்லை. சிலாபம் பக்கத்துப் பெர்னாண்டோ அண்ணன் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். இரண்டு மொழிக்கும் ஒரே ஆள் கிடைத்தான் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். பிறகு நான் சொந்தமாக ஒரு பழைய வான் எடுத்து, கூரையில் நான்கு கூம்பு ஸ்பீக்கர் கட்டினேன். சேலைக்கடை, கோயில் திருவிழா, பள்ளிவாசல் கூட்டம், தேர்தல், மரண அறிவித்தல். எல்லாம் ஒரே வாய்.

"டெங்கு அறிவித்தல் ஒண்டு இருக்குதே," என்றாள் ஷிஃபா. அவள் குரல் மெதுவானது. "அதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"சிங்களம் எழுதத் தெரியாதே உங்களுக்கு."

"வாயால எழுதினன்."

குரல் என்னுடையது என்பது வீட்டில் இரகசியமல்ல. நாங்கள் நாட்டைவிட்டு வந்ததே அதனால்தான். ஆனால் அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அன்று அவள் கேட்டாள். நான் தொழில்காரனாகப் பதில் சொன்னேன்.

டெங்குக் காலம். சந்தியில் கழிவுநீர் ஓடும் கான் எல்லாம் அடைத்திருந்தது. ஊர்கூடித் துப்புரவாக்கும் சிரமதானத்துக்குச் சனங்களைக் கூப்பிட வேண்டும். தயவுசெய்து வாருங்கள் என்றால் ஒருவனும் வரமாட்டான். ஆகவே இப்படிச் சொன்னேன்: "வீட்டுக்கு ஓர் ஆள். மண்வெட்டி, அலவாங்கு, கத்தி, இருப்பதை எடுத்துக்கொண்டு சந்திக்கு வாருங்கள். எல்லோரும் வந்துவிட்டார்கள். உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்." முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில்.

"ஏன் வீட்டுக்கு ஓர் ஆள்?"

"அடுத்த வீட்டுக்காரன் போயிட்டான் எண்டு ஒவ்வொருத்தனும் நினைப்பான். தன்ட வீட்டிலயிருந்து மட்டும் ஆள் இல்லையெண்டா வெக்கம்."

"இதுக்குப் புத்தகத்தில பெரிய பேர் ஒண்டு இருக்கு வாப்பா."

"இருக்கட்டும்."

"மண்வெட்டி, கத்தி எல்லாம் ஏன் சொன்னீங்க?"

"வெறுங்கையோட வந்தவன் பாதியில திரும்பிப் போவான். கையில ஒண்டைப் பிடிச்சவன் போகமாட்டான்."

அவள் எழுதினாள். எழுதிவிட்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சிரமதானத்துக்குச் சந்தி நிறையச் சனம் வந்தது. சிங்களவர், முஸ்லிம்கள், எல்லோரும். நியாஸ் மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றார். மண்வெட்டி மாறிப்போகாமலிருக்கப் பிடியில் வெள்ளைப் பெயின்றால் ஒரு வளையம் போட்டிருந்தார். என்னைப் பார்த்துக் கத்தினார். "ஊரையெல்லாம் கூப்பிட்டுட்டு நீங்க வானுக்குள்ள மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீங்க மச்சான்! இறங்குங்க கானுக்குள்ள!" எல்லோரும் சிரித்தார்கள். இறங்கினேன்.

அந்தப் பதிவில் நான் திகதி சொல்லவில்லை. எதற்காக என்றும் சொல்லவில்லை. வருடா வருடம் மழைக்குப் போடலாம், ஒரு பதிவு எத்தனை வருடமும் ஓடும் என்று நினைத்தேன். அது என் கெட்டித்தனம். பெர்னாண்டோ அண்ணன் தோளில் தட்டினார்.

4

நியாஸை அடிப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன் ஒரு படம் போன்களில் ஓடத் தொடங்கியது. ஒரு செருப்பின் அடிப்பக்கம். வழுக்காமலிருக்க ரப்பரில் வெட்டிய பூ. அது தாமரைப்பூ, முஸ்லிம் கடைக்காரன் வேண்டுமென்றே விகாரையில் வைக்கும் எங்கள் பூவை மிதிக்க விற்கிறான் என்று கீழே சிங்களத்தில் எழுதியிருந்ததாம். கடையின் பெயரும் இருந்தது.

"எல்லாக் கம்பனிச் செருப்பிலயும் பூதான் மச்சான் இருக்கு," என்று நியாஸ் சிரித்தார். ஆனாலும் அந்தச் சாமானையெல்லாம் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கட்டினார். படம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவரும் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையுமில்லை. படம் போதும்.

அவரை அடித்த நாளன்று நான் ஆலங்குடாவில் இருந்தேன். வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடும் ஒரு ஹோட்டலில் திருவிழா மாதிரி ஒன்று. மதியச் சாப்பாடு பாதி விலை என்று கத்திக்கொண்டிருந்தேன். மூன்று மணியளவில் நியாஸ் போன் எடுத்தார்.

"மச்சான், எங்க நிக்கிறீங்க?"

"ஆலங்குடாவில."

"அப்ப இஞ்ச ஆர் கத்துறது? உங்கட சத்தம் ரோட்டால போகுது. வீட்டுக்கு ஓர் ஆள் வரட்டாம்."

"பழைய பதிவு. டெங்குக்காரங்க போடுறாங்க போல."

"மழையே இல்லையே." பிறகு சொன்னார். "சிங்களத்தில மட்டும்தான் போகுது மச்சான். தமிழைக் காணல்ல."

நான் யோசித்தேன். ஒரு மூச்சு விடும் நேரம் யோசித்தேன். பதிவு வைக்கும் சிப் எத்தனையோ பழுதாகியிருக்கிறது. எத்தனையோ பதிவு பாதியில் நின்றிருக்கிறது. என் தொழிலில் தெரிந்ததைச் சொன்னேன்.

"சிப்பில தமிழ்ப் பக்கம் பழுதாயிருக்கும். நான் வந்து பாக்கிறன். நீங்க போங்க. நம்மட ஆள் ஒருத்தரும் வரல்ல எண்டு ஒரு கதை வரும். இந்த நேரத்தில அது கூடாது."

"அதுவும் சரிதான். செருப்புக் கதையும் ஓடுது. ஒரு மண்வெட்டியோட முன்னுக்குப் போய் நிண்டா வாயடைப்பாங்க."

"ஓம். போங்க."

நான் போங்க என்று சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். பிறகு மைக்கை எடுத்து மீன் குழம்பு, இறால் பொரியல் என்று சொல்லத் தொடங்கினேன்.

5

நடந்ததைப் பக்கத்துத் தையல்கடை சோமா அக்கா எனக்குச் சொன்னார். சிங்களப் பெண். நியாஸின் மனைவி ஹம்ஸியா ராத்தாவையும் இரண்டு பிள்ளைகளையும் பின்மதிலால் இழுத்தெடுத்துத் தன் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்தவர் அவர்தான்.

நியாஸ் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். சந்தியில் ஆட்கள் நிறைந்து நின்றார்கள். பாதிப் பேர் வெளியூர். மற்றப் பாதி, அவரோடு ஒரே கானில் நின்றவர்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தார். "எங்கேயிருந்து தொடங்குவோம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கொஞ்ச நேரம் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லையாம். சோமா அக்கா இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்களும் தடுமாறினார்கள். பிறகு ஒருவன் கையை நீட்டினான். நியாஸ் மண்வெட்டியைக் கொடுத்தார். உதவிக்குக் கேட்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும்.

முதல் அடி தாடையில். இரும்பின் பின்பக்கத்தால். அவர் விழவில்லை. இரண்டாவது முழங்காலில். விழுந்தார். அதற்குப் பிறகு யார் அடித்தார்கள் என்று கணக்கில்லை. அலவாங்கு, கட்டை, கல். ஒரு கிழவன் தன் குடையால் குத்தினான். கடைக்குள் பெற்றோல் ஊற்றினார்கள். செருப்பு எரிந்தால் தண்ணீராக ஓடும். எரிந்துகொண்டே ஓடும். அது படியால் இறங்கி அவர் கிடந்த இடம்வரை வந்தது. அவர் இழுபட்டு விலகினார். அவ்வளவு உயிர் இருந்தது.

நான் பாலாவி தாண்டும்போது கறுப்புப் புகையைக் கண்டேன். போன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. சந்திக்கு வந்தபோது கூட்டம் ரோட்டை மறித்து நின்றது. கண்ணாடியை ஏற்றினேன். ஆனால் அவர்கள் என் வானின் கூம்புகளைக் கண்டதும் வழிவிட்டார்கள். கூப்பிட்ட வான், எங்கட வான், விடு விடு என்றார்கள். ஒருவன் பொனற்றில் இரண்டு தரம் தட்டிப் பெருவிரலைக் காட்டினான். அந்த விரலில் இரத்தம்.

நானும் சோமா அக்காவும் நியாஸைத் தூக்கி வானில் போட்டோம். தாடை இருந்த இடத்தில் இல்லை. வலது காலில் ரப்பர் உருகி ஒட்டியிருந்தது; தூக்கும்போது தோலோடு வந்தது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பேச வாய் இல்லை. நான் அவரை அதே கூட்டத்தின் நடுவால் கொண்டுபோனேன். மறுபடியும் வழிவிட்டார்கள்.

அந்தி மஃரிப் தொழுகைக்கு முன் அவருடைய உயிர் போய்விட்டது. மண்வெட்டி கடைப்படியில் கிடந்தது. பிடியில் வெள்ளை வளையம்.

6

மூன்றாம் நாள் பொலிஸ் வந்தது. என்னைத்தான் தேடி வந்தது.

ஒருவன் போனில் பதிவைப் போட்டான். "இது யாருடைய குரல்?"

"என்னுடையது."

"அப்போது கூப்பிட்டது நீ."

இல்லை என்றேன். காதோடு சேர்த்து அறைந்தான். இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது. இரண்டு நாள். உள்ளங்காலில் வயரால் அடித்தார்கள். மேசை லாச்சியில் விரல்களை வைத்து மூடினார்கள். பிறகு ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். சிங்களத்தில் இருந்தது. நான் அந்த மொழியில் ஊரையே கூப்பிடுவேன். ஒரு வரி வாசிக்கமாட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

முஸ்லிம் ஒலிபெருக்கிக்காரன் ஒருவன் ஆட்களைக் கூட்டினான், வியாபாரப் போட்டியில் இரண்டு குழுக்கள் மோதிக்கொண்டன, ஒருவர் இறந்தார். தாளில் இருந்தது அதுதான். அடுத்த நாள் செய்தியிலும் அதுதான் வந்தது. சொல்லுக்குச் சொல். அதை எழுதியவன் கெட்டிக்காரன்.

பெர்னாண்டோ அண்ணனிடம் போனேன். அழுதார். மூன்று பேர் வந்து டெங்குப் பதிவைக் கேட்டார்கள், கானுக்கு என்றார்கள், கொடுத்தேன் என்றார். "சிங்களப் பகுதி மட்டும் போதும் எண்டாங்க தம்பி. நான் ஏனெண்டு கேக்கல்ல." நானும் அவரை அடிக்கவில்லை. அடிக்க எனக்கு என்ன தகுதி?

வெளியிலிருந்த எல்லோருக்கும் நான் குற்றவாளி. எங்கள் ஆட்கள் வானின் கண்ணாடியை உடைத்தார்கள். பள்ளிவாசலில் என் பக்கத்தில் நின்று தொழ ஆளில்லை. நிலத்தை விற்று வந்து சேர்ந்தோம்.

இங்கே குடிவரவுக் காரியாலயத்தில் விசாரணை. மொழிபெயர்க்க வந்தவர் இந்தியாக்காரர். நல்ல மனிதர். அறிவித்தல் வேலை என்று நான் சொன்னதை வானொலி அறிவிப்பாளர் என்று சொல்லிவிட்டார். எந்த வானொலி என்று அதிகாரி கேட்டார். அதைத் திருத்த அரை மணித்தியாலம் போனது. அலவாங்கு என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எழுந்து நின்று நிலத்தைக் குத்திக் காட்டினேன். "ஓ, கடப்பாரை," என்றார். அதிகாரி ஏதோ எழுதினார். பிறகு அந்தச் சிங்களத் தாளை மேசையில் வைத்தார்கள். அது எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தது. முதல் தரம் நிராகரித்தார்கள். இரண்டாம் தரம் கைவிரல்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இங்கே இருக்க அனுமதித்தார்கள்.

அந்த விசாரணையில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். அன்று பின்னேரம் மூன்று மணிக்கு யாரோடு பேசினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

7

சனிக்கிழமை ஷிஃபா கொப்பியை மூடினாள்.

"வாப்பா, ஒண்டு காட்டுறன். கோவிக்க வாணாம்."

அவளுடைய போனில் ஒரு வீடியோ. அன்று யாரோ மாடியிலிருந்து எடுத்தது. எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறாள். படம் ஆடியது. புகை இன்னும் தொடங்கவில்லை. குரல் மட்டும் கேட்டது. கோபமே இல்லாத குரல். எல்லோரும் வந்துவிட்டார்கள். உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

குசினியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஸரீனா வெளியே வந்தாள். எட்டு வருடத்தில் அவள் அதைக் கேட்டது அன்றுதான்.

வீடியோவில் நியாஸ் கடையிலிருந்து வந்தார். சின்ன உருவம். தோளில் மண்வெட்டி.

"பாரு," என்றாள் ஸரீனா. "பாரு ஷிஃபா உன்ட மாமாவை. கல்யாண வீட்டுக்குப் போறமாதிரி போறாரு. எருமை. எருமை."

"மாமா எனக்கு லைட் எரியிற செருப்பு தந்தாரு," என்றாள் ஷிஃபா. அவளுக்கு மாமா என்றால் முதலில் ஞாபகம் வருவது அதுதான். வீடியோவை நிறுத்தினாள். நியாஸ் சிரித்த முகத்தோடு அப்படியே நின்றார்.

"ஏன்தான் வந்தாரோ?" ஸரீனா ஒரு நாள் முந்திக் கேட்டுவிட்டாள்.

கழுவுவதற்குச் சட்டி ஒன்றும் இல்லை.

"நான் சொன்னன்," என்றேன். "போகச் சொன்னது நான்."

சொல்லத் தொடங்கியபின் நிற்கவில்லை. போன் வந்தது. சிங்களம் மட்டும் போகிறது என்று அவர் சொன்னது. சிப் பழுது என்று நான் சொன்னது. நம்மட ஆள் இல்லையென்று கதை வரும் என்றது. போங்க என்றது. இரண்டு தரம் என்பதையும் சொன்னேன்.

ஸரீனா பூண்டுக் கத்தியை இன்னும் கையில் வைத்திருந்தாள். சின்னக் கத்தி. என்னை நோக்கி வந்தாள். கத்தி என் கன்னத்தில் பட்டது, ஆனால் அவள் குத்தவில்லை. அதே கையால் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். ஷிஃபா கத்திக்கொண்டு கையைப் பிடித்தாள். என் கன்னத்தில் கோடாக இரத்தம் வந்தது. நான் துடைக்கவில்லை.

"எட்டு வருசம்," என்றாள் ஸரீனா. "எட்டு வருசம் அந்த மனிசனை மூளை இல்லாதவர் எண்டு ஏச வச்சீங்களே. மௌத்தான ஆளை. யாஸீன் ஓதிப்போட்டு ஏசினேனே."

பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கத்தியைப் போட்டாள். நீண்ட நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். பிறகு முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"மச்சிக்குத் தெரியுமா?"

மச்சி என்றது ஹம்ஸியா ராத்தா. நியாஸின் மனைவி. புத்தளத்தில் பிள்ளைகளோடு இருக்கிறார்.

"தெரியாது."

"சொல்லுங்க."

நான் போனை எடுத்தேன். குரல் அனுப்பும் பட்டனை அழுத்திப் பிடித்தேன். அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா என்று தொடங்கினேன். ஸரீனா வந்து போனைப் பறித்தாள்.

"பதிவு பண்ணி அனுப்பப் போறீங்களா? உங்களுக்கு இன்னும் புத்தி வரல்லயா?"

அவளே எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். நாங்கள் மூவரும் சுற்றி இருந்தோம்.

8

அங்கே இரவாகியிருந்தது, இஷாத் தொழுகைக்கு முந்திய நேரம். போன் அடித்தது. எடுத்தார்.

"ஆரு? ஸரீனாவா?"

"நான்தான் ராத்தா," என்றேன்.

"உங்கட குரல் எனக்குத் தெரியாதா? சொல்லுங்க தம்பி. நாளைக்கு அவர்ட பேரில ஓதுற கத்தத்துக்கு இறைச்சி சொல்லியாச்சு. என்ன விசயம்?"

சொன்னேன். முதல்தரம் போல் வேகமாக வரவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். தமிழைக் காணவில்லை என்று நியாஸ் சொன்ன இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. ஸரீனா மேசையில் விரலால் தட்டினாள். தொடர்ந்தேன். முடித்தேன்.

அந்தப் பக்கம் தூரத்தில் ரொட்டிப் பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டுப் போனது. அது போய் முடிந்தபின்தான் ராத்தா வாய் திறந்தார்.

"அவர் போனில கதைச்சது எனக்குக் கேட்டது," என்றார். "ஆரோட எண்டு நான் கேக்கல்ல. போனை வச்சுட்டு, மச்சானும் போகச் சொல்லுறாரு எண்டாரு."

நான் போனை அருகில் இழுத்தேன். "அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் ராத்தா ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"அதைச் சொன்னா மிச்சத்தையும் சொல்லணுமே தம்பி."

 ஸரீனா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "என்ன மச்சி மிச்சம்?"

"அவர் யோசிச்சாரு. மழையில்லாம என்னத்துக் கான், நாளைக்குப் பாப்பம் எண்டு கதிரையில இருந்துட்டாரு. நான்தான் எழுப்பினன். எல்லா வீட்டிலயிருந்தும் போயிருப்பாங்க, எங்கட வீட்டில மட்டும் ஆள் இல்லையெண்டா வெக்கம் எண்டன். மண்வெட்டி பின்னுக்குக் கிடந்தது. நான்தான் எடுத்துக் குடுத்தன். பிடியில சேறு காஞ்சிருந்தது. துடைச்சுக் குடுத்தன்."

ஷிஃபா கொப்பியைத் திறந்திருந்தாள். பேனாவைப் பிடித்திருந்தாள். எழுதவில்லை.

 ஒருவரும் போனை வைக்கவில்லை.